மரப்பொந்தில் குடியேற்றப்பட்ட நீர்நாய்

ஒரு காட்டில் தீப்பிடித்தது. ஆகவே இந்தக் கதை ஆற்றுக்கு இக்கரையில் இருந்த அடுத்த காட்டில் நடக்கிறது.

எரிகிற காட்டிலிருந்து தப்பி வந்தவர்களில் செவ்வந்தி என்ற நீர்நாயும் ஒருத்தி. மீசை கருகி, இரண்டு குட்டிகளோடு கரையேறியிருந்தாள். இக்கரை அரசு இரக்கமுள்ள அரசு. அகதிகள் எல்லோருக்கும் வீடு என்று அறிவித்து, கட்டும் டெண்டரை ஒரு மரங்கொத்திக்குக் கொடுத்தது. மரங்கொத்திக்குத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான். ஆற்றங்கரை மரங்களில் உயரமான இடமாகப் பார்த்து வரிசையாகப் பொந்து போட்டுவிட்டுப் பறந்துவிட்டது.

மறுவாழ்வு அதிகாரி ஓர் எருமை. "உனக்கு அந்த மருத மரம். மேல் பொந்து. நல்ல காத்தோட்டம்."

"ஐயா, எனக்கு மரமேறத் தெரியாதுங்க. கரையோரம் காலியாத்தானே கிடக்கு? நானே ஒரு வளை தோண்டிக்கிறேன்."

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பு."

"அப்ப மரத்தடியிலயாவது படுத்துக்கட்டுமா?"

"வீடு கொடுத்த பிறகும் தரையில படுத்தா அரசுக்குத்தானே கேவலம்?"

கூட வந்த பெரியசாமி என்ற யானைக்கும் பக்கத்து மரத்தில் ஒரு பொந்து ஒதுக்கியிருந்தார்கள். அவர் துதிக்கையின் நுனியை உள்ளே விட்டுக்கொண்டு நின்றார். "குடியேறியாச்சு" என்று எருமை தலையாட்டியது. செவ்வந்தியையும் குட்டிகளையும் பெரியசாமிதான் தூக்கி மேலே வைத்தார்.

"கீழே மட்டும் பாக்காதே தங்கச்சி."

பார்த்துவிட்டாள். ஆற்றில் கெண்டைகள் துள்ளின. குட்டிகள் பசியில் முனகின. சின்னது வெளியே நழுவ நழுவ, அதன் வாலைப் பல்லால் கவ்விக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் துறை அமைச்சர் மயில் பார்வையிட வந்தார். பார்வையிடுவது என்றால் படம் எடுத்துக்கொள்வது. செவ்வந்தியின் பொந்துக்கு எதிரே, ஆற்றுக்கு மேல் நீண்ட கிளையில் நின்று தோகையை விரித்தார்.

"ஏம்மா, வீடு எப்படி?"

"உசரமா இருக்குங்க."

"உயர்ந்த வாழ்க்கை!" என்று அமைச்சர் பூரித்தார்.

செல்போன் பிடித்திருந்த குரங்கு, "தோகை முழுசா வரலீங்க, கொஞ்சம் பின்னால போங்க" என்றது. போனார். "இன்னும் கொஞ்சம்." போனார். கிளை முடிந்துவிட்டது.

தொபுக்கடீர்!

நனைந்த தோகை ஈரக் கம்பளிபோல் அவரை அடிக்கு இழுத்தது. எருமைக்கு நீந்தத் தெரியும். ஆனால் மேலிடத்து உத்தரவு வேண்டும், மேலிடமோ தண்ணீருக்குள் இருந்தது. செவ்வந்தி எதையும் யோசிக்கவில்லை. சின்னதை உள்ளே தள்ளிவிட்டு மேலிருந்தே பாய்ந்து, அவர் கழுத்தைக் கவ்விக் கரைக்கு இழுத்து வந்தாள்.

அமைச்சர் இருமியதில் ஒரு குட்டி மீன் வெளியே வந்து விழுந்தது. "யார் என்னைக் காப்பாத்துனது?"

"நான்தாங்க." இனி பிள்ளைகளுக்கு நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு நல்லா நீந்துறே. நீ எப்படி அகதி? தத்தளிக்கிறவங்களுக்குத்தான் நம்ம திட்டம். யோவ் எருமை, இவளை நீக்கு. வீட்டைக் காலி பண்ணு."

அமைச்சர் சொட்டச் சொட்டப் போய்விட்டார். பெரியசாமி குட்டிகளை இறக்கி வைத்தார். செவ்வந்தி எருமையின் முன் போய் நின்றாள்.

"ஐயா, இனிமே நான் எங்கே இருக்கணும்?"

"எங்கேன்னு சொல்ல நீ எங்க பொறுப்பே இல்லையே."

"அப்ப கரையில வளை தோண்டினா?"

எருமை மறுபடி அசைபோடத் தொடங்கியது. "ஆக்கிரமிக்கணும்னா முதல்ல நீ இந்தக் காட்டுல இருக்கணும். எங்க கணக்குப்படி நீ இல்லவே இல்லை."

பொழுது சாய்வதற்குள் வளை தயார். குட்டிகள் வயிறு முட்டக் கெண்டை தின்றுவிட்டுத் தூங்கின. பொந்துக்குள் துதிக்கையை விட்டபடி நின்ற பெரியசாமி மெல்லக் கேட்டார்: "தங்கச்சி, அமைச்சர் மறுபடி எப்ப வருவார்? எனக்கும் நீந்தத் தெரியும்."

நீதி: அரசாங்கம் உங்களுக்கு வீடு கொடுத்துவிட்டால் மனம் தளராதீர்கள். அமைச்சர் எவராவது தண்ணீரில் விழும்வரை பொறுமையாக இருங்கள்.