கிணற்று நீருக்கு நற்சான்று வழங்குவோர்

வாசகரே, "அது எப்போதுமே அப்படித்தான்" என்னும் இனத்தாரை நீங்கள் அறிவீர்கள். பாறையின் வயிற்றுக்குள் நீரையும் மணலையும் வேதிக் கலவையையும் பேரழுத்தத்தில் செலுத்தி, அதனை உடைத்து எரிவாயு கறக்கும் எங்கள் வடபென்சில்வேனிய மலைப்பகுதியில் இவ்வினம் கொழுத்து வளர்கிறது.

பால்பண்ணைக்காரரும் ஊராட்சி உறுப்பினருமான வெண்டெல் ஸ்ட்ரூப், இவ்வினத்தின் அசல் வார்ப்பு. மேய்ச்சல் நிலத்தை வாயு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்ட நாள்முதல் அவருக்கு எதுவும் புதிதாகத் தெரிவதில்லை. குழாயைத் திறந்தால் நீர் சோடாவைப்போல் சீறுகிறதா? அவருடைய பாட்டனார் காலத்திலேயே சீறியதாம். பக்கத்துப் பண்ணை அர்லீனின் கிணற்று மூடி, வாயு முட்டித் தெறித்துக் கோழிக்கூண்டின்மேல் விழுந்ததா? மூடியைச் சரியாகத் திருகவில்லை. அவளுடைய பேத்தி குளித்தெழுந்தால் உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கிறதா? சோப்பை மாற்றச் சொன்னார், மாற்றினாள். துண்டை மாற்றச் சொன்னார், அதையும் மாற்றினாள். தண்ணீரை மாற்று என்பதுமட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

நகரத்திலிருந்து தங்கள் சாலைக்குக் குடிநீர்க் குழாய் வேண்டுமென்று அர்லீன் கொடுத்த மனு, தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊராட்சியின் முன் வந்தது. மற்ற உறுப்பினர் இருவரும் ஆளுக்கொரு பக்கம். முடிவு வெண்டெலின் கையில்.

"இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் நான் இந்த உசரம் வளர்ந்தேன்" என்று தொடங்கினார்.

"அப்போ உன் கிடாரிக்கு மட்டும் ஏம்ப்பா டவுன்லேருந்து லாரித் தண்ணி?" என்றாள் அர்லீன்.

கூடம் சிரித்தது.

"அது கண்காட்சிக்குப் போற மாடு, அர்லீன். நம்ம தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. குடிக்கலேன்னா மினுமினுப்பு போயிடும்ல?"

"என் பேத்தியையும் கண்காட்சியில சேத்துக்குவாங்களான்னு விசாரிச்சுச் சொல்லேன்."

வெண்டெலின் கழுத்து சிவந்தது. குழந்தையின் தடித்த கைகள் நினைவுக்கு வரத்தான் செய்தன. கடைசி வரிசையில் டோனட் தின்றுகொண்டிருந்த வாயு நிறுவனத்து ஆளும் கண்ணில் பட்டார். நினைவுக்கும் கண்ணுக்கும் நடந்த போட்டியில் கண் வென்றது. "இன்னும் ஆழமா ஆராயணும்" என்றார். மனு ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் காலை, அர்லீன் காலிக் கேன்களுடன் அவருடைய மாட்டுக்கொட்டிலுக்கே வந்துவிட்டாள். கிடாரியின் தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்றாள். வெண்டெல் சாலையை எட்டிப் பார்த்தார். பிறகு தாமே லாரித் தண்ணீர்க் குழாயை எடுத்துக் கேனுக்குள் விட்டார்.

"புள்ளயக் குளிப்பாட்டு. வெளிய மட்டும் சொல்லிடாத."

"என்னன்னு சொல்லுவேன் வெண்டெல்? நம்மூரு தண்ணி நல்லாத்தான் இருக்குன்னா?"

அவர் கேன்களை வண்டியில் தூக்கி வைத்தார். இவ்வினத்தாருக்கும் இரக்கம் உண்டு. அதற்குச் சாட்சி இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இப்படியும் ஒரு மனிதரா என்று முகம் சுளிக்கிறீர்கள், நன்று. ஊர் நீரைப் பற்றிப் பொதுவில் ஒரு சொல்லும் சொல்லாமல், தம் வீட்டுக் குவளையைமட்டும் காத்துக்கொள்பவர் எவரும் இவ்வினமே என்பது என் துணிபு. அது கிடக்கட்டும். உங்கள் வீட்டுக்குக் கேன் தண்ணீர் எந்தக் கிழமை வருகிறது?