கீழ்த்தாடை இடது பக்கம் நீங்கலாக

பல் வைத்தியப் பேரரசராகிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே அனைவரும் நலம், என் கீழ்த்தாடையின் இடது பக்கம் நீங்கலாக. உங்கள் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை. ஊரார் வாய் கெடக் கெட நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள்.

தாடையில் உலோகத் தண்டை இறக்கி, அதன்மேல் செயற்கைப் பல்லைத் திருகாணி போட்டு நிறுத்தியபோது, "இது உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும் மாமா" என்றீர்கள். பேரன் இன்னும் பால்குடி மறக்கவில்லை, அதற்குள் மூன்று முறை கழன்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் முறுக்கிவிட்டு, வளைந்த பிளாஸ்டிக், மாத்திரை என்று ஏதேதோ பையில் போட்டுக் கொடுத்து, "ஸ்க்ரூ லூசாகறது சகஜம்தான் மாமா" என்று சிரித்தீர்கள். சகஜமாம்! உங்கள் மாமியார் தோட்டின் திருகாணி கல்யாணத்தன்று ஏறியது, இன்றுவரை அசையவில்லை. அதற்காக யாரும் பட்டம் வாங்கிச் சுவரில் மாட்டவில்லை.

நேற்று குடியிருப்போர் சங்கத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நின்ற நான், "என் தலைமையில் எதுவும் ஆட்டம் காணாது" என்று முழங்கினேன், உடனே பல் பாதி திரும்பிக்கொண்டு 'ச' வரும் இடமெல்லாம் விசில் அடித்தது, கீழ்வீட்டு நாய் படியேறி வந்து என் காலடியில் உட்கார்ந்தது, அடுத்த வாக்கியத்தில் பல்லே பறந்து பொருளாளரின் தேநீரில் விழுந்தது, அவர் அதைக் கரண்டியால் தூக்கிக் காட்டி, "இது யாரோடது?" என்று கேட்டார். ஏதோ நாலைந்து பேர் போட்டிக்கு வருவது போல! தோற்றுப் போனேன். நாய் மட்டும்தான் என் கட்சி.

வீட்டிலும் நிம்மதியில்லை. ராத்திரியெல்லாம் எலி நறநறவென்று கொறிக்கிறதாம். உங்கள் மாமியார் பொறி வாங்கி வைத்திருக்கிறாள். எனக்கென்னவோ எதுவும் கேட்பதில்லை.

நான் உங்களைப் போலப் படித்தவனல்ல. ஆனாலும் இதை எழுதுகிற சாப்பாட்டு மேசை, வருடக்கணக்காகக் கூத்தாடியதை, ஒரே நிமிடத்தில் ஆடாமல் நிறுத்தினேன். கைத்திறமை வேண்டும், மாப்பிள்ளை.

என் மகள் உங்களோடு பேசுவதில்லை என்று கேள்வி. பல் நிற்கும்வரை பேசாதே என்று சொன்னதே நான்தான். பெண்ணையே கொடுத்தவன் ஒரு பல்லைக் கேட்கக் கூடாதா?

பல்லாண்டு வாழ்க, உங்கள் பற்களாவது உடனிருக்க.

இப்படிக்கு,
பல் போனாலும் பாசம் போகாத மாமனார்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் எலி அகப்பட்டுவிட்டது. டார்ச் அடித்துத் தேடிய உங்கள் மாமியார் கடைசியில் என் வாயருகே வந்து நின்றாள். "எலி இல்லீங்க, நீங்கதான். தூக்கத்துல பல்லைக் கடிச்சு ஸ்க்ரூ லூசாகாம இருக்க மாப்பிள்ளை ஒரு பிளாஸ்டிக் உறை குடுத்தாரே, அது எங்க?" என்றாள். இருவரும் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தோம். உங்கள் வேலையில் குறையே இல்லை. மேசைக்காலுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. மகளை உங்களோடு பேசச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டால், அப்பா பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள். வரும்போது இரண்டு உறையாகக் கொண்டுவாருங்கள், கட்டிலும் ஆடுகிறது.