இரண்டு இயங்குதளமும் ஒரு முள்ளம்பன்றியும்

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று ஆட்சி செய்துவந்தது. செய்துவந்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். குகை வாசலில் 'இனி எல்லாம் இணையம் வழியாக' என்று பலகை மாட்டிவிட்டு அது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காட்டின் ஓடைப் பள்ளத்தில் சாம்பசிவம் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தார். விலங்குதான், ஆனாலும் குடும்பஸ்தர். ஆகவே அவர் என்றே சொல்வோம். மழை வலுத்தால் ஓடை நேராக அவர் வளைக்குள்தான் வரும். போன மழைக்குக் குட்டிகளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நின்றதை அவர் இன்னமும் மறக்கவில்லை. அதனால், மேட்டில் வெட்டியிருக்கும் புது வளைகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சிங்கத்தின் அலுவலகம் அறிவித்ததும் அவருக்கு உயிர் வந்தது. அடுத்த மழைக்குள் மேட்டுக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

சிக்கல் என்னவென்றால், சிங்கத்தின் விண்ணப்பப் பக்கம் 'பாறை' என்ற கணினி இயங்குதளத்தில் மட்டும்தான் திறக்கும். மனைவி திலகவதியோ 'அருவி' என்ற இயங்குதளத்தில் வேலை பார்ப்பவள். கிளிகள் பேசுவதையெல்லாம் வீட்டிலிருந்தபடி எழுத்தாக்கி அனுப்பும் வேலை. அதில்தான் அடுப்பு எரிந்தது. பழைய கணினி போன வெள்ளத்தோடு போய்விட்டது. புதிதாக இரண்டு வாங்கினால் குட்டிகளை வெளியே படுக்கவைக்க வேண்டும், வளையில் அவ்வளவுதான் இடம். இரண்டு இயங்குதளமும் ஓடுகிற ஒரே கணினியாக வாங்குவது என்று முடிவாயிற்று.

கடைக்காரர் ஒரு பச்சோந்தி. சாம்பசிவம் கறுப்புக் கணினியைப் பார்த்தால் அவரும் கறுப்பானார், வெள்ளையைப் பார்த்தால் வெளுத்தார்.

"ரெண்டும் ஓடுமா?" என்று கேட்டார் சாம்பசிவம்.

"ஜம்முனு ஓடும் சார்."

"ரெண்டுக்கும் இடம் பத்துமா? மெமரி போதுமா?"

"தாராளமா சார். போட்டதும் எது வேணும்னு அதுவே கேக்கும். நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா, கொஞ்ச நேரம் பாத்துட்டு மேல இருக்கறதைத் தானா திறந்துக்கும்."

திலகவதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் தருவீங்கல்ல?"

"ரெண்டு ஓடற மிஷின் மேடம். தெர்மாகோலே டபுள் தடிமன்."

சாம்பசிவத்துக்கு மானம் போயிற்று. ஏற்கெனவே வீட்டுப் பரணில் மிக்சி வந்த பெட்டி, மின்விசிறி வந்த பெட்டி, எதற்கு வந்தது என்றே தெரியாத பெட்டி என்று அடுக்கி வைத்திருந்தாள். கேட்டால், "வாரண்டிக்கு வேணும்" என்பாள். மிக்சியே செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் பெட்டிக்கு மட்டும் இன்னும் வாரண்டி இருந்தது.

அன்றே போட்டு, அன்றே விண்ணப்பித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு பெரிய பொருள் வந்தால் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டுப் பூஜை போட வேண்டாமா? நல்ல நாள் பார்த்தார்கள். பள்ளக்காட்டிலிருந்து சாம்பசிவத்தின் பெரியப்பா வந்தார். மேட்டுக்காட்டிலிருந்து மாமனார் வந்தார். பள்ளக்காட்டுக் கணினிகளெல்லாம் பாறை, மேட்டுக்காட்டுக் கணினிகளெல்லாம் அருவி. இரண்டு பெரியவர்களும் வாழ்நாளில் கணினியைத் தொட்டதில்லை. கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, யு.பி.எஸ்ஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, திலகவதி பொத்தானை அழுத்தினாள்.

திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. மேலே பாறை, கீழே அருவி.

மாமனாரின் முட்கள் மெல்ல எழுந்தன. "ஏன் மாப்பிள்ளை, எங்க ஊர்ப் பேரு கீழ இருக்கு?"

"அது சும்மா ஒரு வரிசை, மாமா."

"கோயில் பரிவட்டமும் சும்மா ஒரு துணிதான். யாருக்கு முதல்ல கட்டறாங்கன்னு தானே ஊரே அடிச்சிக்கிது? பொண்ணக் குடுத்தவன்னா கீழயா?"

சாம்பசிவம் பச்சோந்தியை வரவழைத்து வரிசையை மாற்றினார். உடனே பெரியப்பா செருப்பைத் தேடினார். முள்ளம்பன்றிக்கு ஏது செருப்பு? ஆனாலும் கோபித்துக்கொண்டு கிளம்பும்போது எதையாவது தேடத்தானே வேண்டும்.

"பக்கத்துப் பக்கத்துல போட்டுடலாம் பெரியப்பா!"

"போடு. வலது பக்கம் யாரு?"

பிறகு ஒரு நாள் அது மேலே, மறுநாள் இது மேலே என்று பேசிப் பார்த்தார்கள். அமாவாசை யாருக்கு என்பதில் அதுவும் உடைந்தது. கடைசியில் இரண்டு ஊரும் உட்கார்ந்து ஒரு தீர்ப்புச் சொன்னது. எதுவும் தானாகத் திறக்கக் கூடாது. கடவுச்சொல் ஒன்று போட்டு, அதில் பாதியைப் பெரியப்பாவும் மீதியை மாமனாரும் வைத்துக்கொள்ள வேண்டும். இருவரும் சேர்ந்து வந்து, மனமொத்து, திறந்துவைக்க வேண்டும். எல்லோரும் கைதட்டினார்கள். பாயசம் நன்றாக இருந்தது.

அன்றிலிருந்து சம்பந்திகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சாம்பசிவம் பள்ளக்காட்டுக்கும் மேட்டுக்காட்டுக்குமாக அலைந்தார். "அவர் முதல்ல வரட்டும்" என்றார் பெரியப்பா. "வந்துட்டாரான்னு பாத்துட்டு வாங்க மாப்பிள்ளை, அப்புறம் வரேன்" என்றார் மாமனார். குரங்கு நடத்திய பிரவுசிங் சென்டரில் வரிசை ஓடையைத் தாண்டி நின்றது. திலகவதியின் வேலை போய், கிளிகள் வேறு ஆள் பார்த்துக்கொண்டன. குட்டிகள் மட்டும் தினமும் திரைமுன் உட்கார்ந்து அந்த இரண்டு பெயர்களையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தன. மேகம் கறுக்கக் கறுக்க சாம்பசிவத்துக்குச் சோறு இறங்கவில்லை. குட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருந்தது.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று இரண்டு பெரியவர்களின் காலிலும் விழுந்து, எப்படியோ இருவரையும் வளைக்குக் கூட்டிவந்துவிட்டார்.

"சரி, போடுங்க" என்றார் பெரியப்பா.

"முதல் பாதி உங்களுது, சம்பந்தி."

"அப்போ எங்களைத் தட்ட வச்சிட்டு, முடிக்கற பெருமை உங்களுக்கா?"

அந்த நேரத்தில்தான் ஓடை உள்ளே வந்தது.

முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். மின்சாரம் போயிற்று. யு.பி.எஸ் புண்ணியத்தில் திரை மட்டும் அணையாமல், கீ கீ என்ற சத்தத்தோடு, பாறையா அருவியா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "நீ போடு, நீ போடு" என்று பெரியவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி மரியாதை பேசினார்கள்.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினார் சாம்பசிவம். அவர் பெரியவர்களிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கத்திய பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

திலகவதிக்குத் தெரிந்தது. அவள் பரண்மேல் ஏறி, மிக்சி தெர்மாகோல், மின்விசிறி தெர்மாகோல், எதனுடையதோ தெரியாத தெர்மாகோல் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசியாக வந்தது கணினியுடையது. பச்சோந்தி சொன்னபடி டபுள் தடிமன்; அவர் சொன்னதில் உபயோகப்பட்டது அது ஒன்றுதான். எல்லாவற்றையும் சேலைக் கிழிசலால் தெப்பமாகக் கட்டினார்கள். குட்டிகளை நடுவில் வைத்து, பெரியவர்களைப் பிடித்துத் தள்ளி ஏற்றினார்கள். முட்கள் தெர்மாகோலில் ஆழமாகக் குத்தி நின்றதால் ஒருவரும் வழுக்கவில்லை. யாரும் எழுந்து இடம் மாறி முன்னால் உட்காரவும் முடியவில்லை.

பின்னால் கணினி, மூழ்கும்வரை, பாறையா அருவியா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளம் அவர்களைக் கொண்டுபோய் மேட்டில் ஒதுக்கியது. அங்கே புது வளைகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. குளிரில் நடுங்கும் குட்டிகளைப் பார்த்த சாம்பசிவம் யாரையும் கேட்கவில்லை. முதல் வளைக்குள் நுழைந்துவிட்டார்.

மழை விட்டபிறகு சிங்கத்தின் அலுவலகத்திலிருந்து நரி வந்து கதவைத் தட்டியது. சாம்பசிவம் எட்டிப்பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கீங்க?"

"மழையிலேர்ந்து, ஐயா."

"அப்போ நீங்க ஏற்கெனவே குடியிருக்கறவங்க. உங்களுக்கு விண்ணப்பமே தேவையில்லை" என்று வாசலில் முத்திரை குத்திவிட்டுப் போயிற்று நரி. முறையாக விண்ணப்பித்தவர்கள் இன்றைக்கும் மரக்கிளைகளில் தொங்கிக்கொண்டு, தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தெர்மாகோலைத் திலகவதி துடைத்துப் புதுப் பரணில் வைத்தாள். சாம்பசிவம் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

நீதி: கணினி வாங்கும்போது அதில் எத்தனை இயங்குதளம் ஓடும் என்று கேட்காதீர்கள்; அதன் தெர்மாகோல் எத்தனை பேரைத் தாங்கும் என்று கேளுங்கள்.