பத்துப் பேருக்குச் சொந்தமான வான்

மொன்றியலில் பனிக்குப் பயப்படாமல் வட்டிக்கு மட்டும் பயந்த ஒரே மனிதர் எங்கள் பத்திர நானாதான். வங்கி வாசலைக் கடந்து போகவே மாட்டார். மைனஸ் முப்பதில் மூக்கு விறைத்தாலும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறித்தான் நடப்பார்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. புவாண்ட்-கிளேரில் ஒரு வெயார்ஹவுஸில் நானும் அவரும் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம். அவர் மன்னார் முஸ்லிம், அவர்கள் அண்ணனை நானா என்பார்கள். நான் மன்னார் கத்தோலிக்கன். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் சோற்றுப் பெட்டியைத் திறந்தால், அவர் நூலகத்தில் அச்செடுத்த தாள்கட்டைத் திறப்பார். எல்லாம் வட்டியில்லாத இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரங்கள் பற்றியது. மலேசியா வெளியிட்டுவிட்டது, வளைகுடா வெளியிட்டுவிட்டது, இலங்கை மட்டும் நித்திரை கொள்கிறது என்று பொரிந்து தள்ளுவார்.

"இது கடன் இல்லை தம்பி, பங்கு. காசு போட்டவன் எல்லாரும் பொருளுக்குச் சொந்தக்காரன். வாடகை வந்தாப் பிரிச்செடுக்கலாம். பொருள் அழிஞ்சா எல்லாருக்கும் நட்டம்."

"நட்டத்துக்கு ஆர் நானா காசு போடுவினம்?"

"அதுதானே பிரச்சினை! எங்கட மாதிரி நாட்டுக்குக் கடன் குடுக்க ஆயிரம் பேர். கூட நிண்டு நட்டப்பட ஒருத்தனும் இல்லை."

இந்த முறையில் மன்னாரில் மீனுக்கு ஐஸ் தொழிற்சாலை கட்டவேண்டும் என்று கொழும்புக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். ஒருநாள் பதில் வந்தேவிட்டது. தொழிற்சாலை பத்திரம் வாங்கியவர்கள் கைக்கு மாற ஒரு முத்திரை வரி, திரும்பி வர இன்னொரு முத்திரை வரி. இடையில் பத்திரத்தை விற்கச் சந்தை இல்லை. எல்லாவற்றுக்கும் முதல் சட்டம் வேண்டும். நானா இரண்டு நாள் தாள்கட்டைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் என் தோளைப் பிடித்தார்.

"கொழும்பு கிடக்கட்டும். உன்ர வானில செய்து காட்டுவம்."

என்னிடம் வான் இல்லை என்பதுதான் விஷயமே. எனக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். வீடு வீடாகச் சாமான் இறக்கும் வேலை கிடைத்திருந்தது, ஆனால் சொந்த வான் கேட்டார்கள். வங்கி கையை விரித்துவிட்டது. மனைவி மரியாவுக்கோ எட்டாம் மாதம்.

நானா தன்னோடு சேர்த்துப் பத்துப் பேரைப் பிடித்து ஒரு பழைய வெள்ளை வானை வாங்கினார். நான் அவர்களுக்கு மாத வாடகை கொடுத்து ஓட்டினேன். பதிவு அலுவலகத்தில் பத்துப் பெயரையும் எழுதச் சொல்லி அடம்பிடித்தார். "மெஸ்யூ, இது வானா, பஸ்ஸா?" என்று பிரெஞ்சில் கேட்டாள் அங்கிருந்த பெண். கடைசியில் நானாவின் பெயரில் பதிந்து, மற்ற ஒன்பது பேருக்கும் அவர் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

பத்து முதலாளிமாரோடு சீவிப்பது லேசில்லை, ஐயா! சிவம் அண்ணை ஞாயிறு காலையில் பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, "என்ர பங்கு சுகமா இருக்குதோ?" என்று பொனட்டைத் தடவிப் பார்ப்பார். இன்னொருவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தன் வாகனம் என்று காட்ட வானை அரை நாள் கேட்டார். கொடுத்தேன்.

பெப்ரவரியில் ஆற்றுக்கு அக்கரை லொங்கேய் பக்கம் வான் உறைபனியில் சறுக்கி மின்கம்பத்தில் மோதியது. வான் அப்பளம், என் கால் முறிவு. காப்புறுதியும் எதிராளியின் சேதத்துக்கு மட்டும்தான். அந்தப் பத்துப் பேரின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒவ்வொருவர் பங்காகக் கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் பத்துப் பேரும் தடித்த ஜாக்கெட்டுகளோடு அறைக்குள் வந்து நிறைந்தார்கள். மடியில் குழந்தையோடு இருந்த மரியா அழத் தொடங்கினாள்.

"நானா, காலம் முழுக்க உழைச்செண்டாலும் கட்டித் தீர்ப்பன்" என்றேன்.

"என்னத்தைக் கட்டுறது? எங்கட வாகனம் உனக்குக் காலை உடைச்சுப்போட்டுது. நாங்கள் மன்னிப்புக் கேக்க வந்திருக்கிறம்" என்றார் நானா. பிறகு மெல்லத் திரும்பிச் சிவம் அண்ணையைப் பார்த்தார்.

சிவம் அண்ணையின் முகம் கறுத்திருந்தது. அவர் போட்டது இரண்டு வருடச் சேமிப்பு. தொப்பியைக் கழற்றினார், போட்டார், திரும்பவும் கழற்றினார். 

"ஓம் தம்பி" என்றார் கடைசியில். "எங்கட வாகனம்தான்."

நான் வாய்விட்டு அழுதேன். இன்றைக்கும் சனம் பத்திர நானாவை விசர் மனுசன் என்று சொல்லிச் சிரிக்கும். சொல்லட்டும். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து அப்படிச் சொன்ன ஒருவருக்கும் மரியா இன்றுவரை தேநீர் கொடுத்ததில்லை.