மார்கழியில் சறுக்கிய மதியழகன்

பெண்டாட்டி கேட்டதை ‘முடியாது’ என்று சொல்லாமலே முடித்துக்கட்டும் வழியை உரக்கடை மதியழகன் கண்டுபிடித்தது ஒரு மார்கழிக் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. கண்டுபிடித்த மகிழ்ச்சியில் பேஸ்ட்டைக் கொஞ்சம் விழுங்கியும்விட்டார்.

அவருக்கு வீடு அதியமான்கோட்டை, கடை நல்லம்பள்ளி. அவருக்குத் தெரியாத விஷயம் அந்த ரெண்டு ஊரிலும் கிடையாது. தக்காளி இலை சுருண்டால் மருந்து சொல்வார். மருந்து வாங்க வந்தவருக்கு முழங்கால் வலி என்றால் அதற்கும் சொல்வார். வந்தவர் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தால் அதற்கும் ஒன்று வைத்திருப்பார். செடி பிழைத்தால் மதியழகன் மருந்து. செத்தால் விவசாயி சரியாகக் கலக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு முள். தொப்பூருக்கு முன்னால் ஹைவே ஓரம் ‘கோடைக் கொண்டாட்டம்’ என்று ஒரு வாட்டர் பார்க் ரிசார்ட் வந்திருந்தது. அக்கினி நட்சத்திரத்தில் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் குடும்பத்தோடு போய் நனைந்துவிட்டு வந்து, செல்போனைத் தள்ளித் தள்ளிப் படம் காட்டினாள். அன்றைக்கே மதியழகன் மனைவி யுவராணி கேட்டாள்.

“ஏங்க, நாமளும் ஒரு நாள் போலாங்களா?”

“இந்தக் கூட்டத்துலயா? ஊரே குளிச்ச தண்ணில போயி நீயும் குளிக்கணுமா? கூட்டம் கொறையட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்.”

பள்ளிக்கூடம் திறந்தது, கூட்டம் குறைந்தது. ஆடியில் விதைப்பு, கடையை விட முடியாது என்றார். ஐப்பசியில் மழை. யுவராணி சண்டை போடவில்லை. கடைக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது, யூரியா வாங்க நிற்கிறவர்களிடம் மட்டும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவாள்: “நாங்களும் வாட்டர் பார்க் போறங்க. இவரு கூட்டம் கொறையட்டும்னு இருக்காருங்க.” யூரியாக்காரர்களும் மரியாதையாக, “இன்னும் கொறையலீங்களா?” என்று மதியழகனைக் கேட்பார்கள். அதுதான் முள்.

அந்த மார்கழியில் குளிர் புதுசாக இருந்தது. வத்தல்மலை இருந்த இடத்தில் காலை முழுக்க வெறும் வெள்ளைதான் இருந்தது. தொப்பூர் கணவாயில் லாரிகள் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு இறங்கின. மாடுகள் சாக்குப் போர்த்திக்கொண்டு, மனிதர்களை விட மரியாதையாக நின்றன. வாயில் பிரஷ்ஷோடு இதையெல்லாம் பார்த்தபோதுதான் அவருக்கு அந்த ஞானம் வந்தது. இன்றைக்குக் கூப்பிட வேண்டும். ‘இந்தக் குளுர்லயா, வேணாங்க’ என்பாள். ‘நான் கூப்பிட்டேன், நீதான் வரல’ என்று விவகாரத்தை ஒரேயடியாக மூடிவிடலாம்.

அடுப்படிக்குப் போனார். யுவராணி களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

“யுவராணி! கெளம்பு. வாட்டர் பார்க் போலாம்.”

“இன்னிக்கா?”

“இன்னிக்கேதான். கூட்டமே இருக்காது. உனக்காகக் கடைக்கு லீவு.”

சொல்லிவிட்டு, அவள் சொல்லப்போகும் ‘வேணாங்க’வை வாசலில் வரவேற்க நிற்கிறவர் மாதிரி நின்றார்.

“சரிங்க. களிய உருட்டி வச்சிட்டு வந்துடறேன். நீங்களும் சூடா ஒரு உருண்டை தின்னுட்டுக் கெளம்புங்க. கொள்ளு ரசம் இருக்குது.”

மதியழகன் ஜன்னலுக்கு வெளியே பனியைக் காட்டினார். “குளுருமே?” என்றார். அவள் சொல்ல வேண்டிய வசனம், ஆளில்லாமல் இவர் வாய்க்கே வந்துவிட்டது.

“பாவம், எனக்காகக் கடையவே பூட்டறீங்க. நான் குளுரப் பார்த்தா நல்லாருக்குமா?”

அவள் ரெண்டு உருண்டை களியும் ரெண்டு டம்ளர் கொள்ளு ரசமும் சாப்பிட்டாள். உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்து, கோடையிலேயே வாங்கி வைத்திருந்த முழுக்கை நைலான் உடுப்பை மாட்டி, மேலே சால்வை போர்த்திக்கொண்டாள். மதியழகனுக்குக் கவலையில் ஒரு வாய் இறங்கவில்லை.

காரை எடுத்தார். வாங்கி ரெண்டு தீபாவளி போயும் சீட்டின் பாலிதீன் உறையைப் பிரிக்காத கார் அது. அதன் சாவியை யுவராணி துடைக்கலாம், தொடக்கூடாது. பென்னாகரம் தாண்டி இருக்கும் அவள் அம்மா ஊருக்கு ரெண்டு பஸ் மாறித்தான் போய்வந்தாள். “நானும் ஓட்டக் கத்துக்கட்டுங்களா?” என்று ஒருமுறை கேட்டதற்கு, “கார் ஓட்டறதுக்கு மூளை வேணும்” என்று சொல்லியிருந்தார். அவர் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது அந்தப் பேச்சுக்கு எதிரான சாட்சியாக அவருக்குத் தோன்றவில்லை.

ரிசார்ட் வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்ட பிளாஸ்டிக் சூரியன் ஒன்று, ‘வெயிலா? வாங்க நனைவோம்!’ என்றது. அதன் மூக்கிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. டிக்கெட் கொடுக்கிற பெண் சால்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் நீட்டினாள்.

“தண்ணிலயா எறங்கப் போறீங்க? ஓட்டல் அந்தப் பக்கங்க.”

“தண்ணிலதாங்க,” என்றாள் யுவராணி.

மதியழகன் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

“இத பாரு யுவராணி. குளுருங்கறதே மனசுலதான் இருக்குது. எனக்கெல்லாம் அது கெடயாது. நீதான் அஞ்சு நிமிசத்துல ஐயோ அப்பாம்ப. பந்தயம் கட்டறயா?”

“என்ன பந்தயங்க?”

“ரெண்டு பேரும் எறங்குவம். குளுருதுன்னு யாரு மொதல்ல சொல்றாங்களோ அவங்க தோத்தாங்க. நீ தோத்தா வாட்டர் பார்க், ஊட்டி, கொடைக்கானல், எந்தப் பேச்சும் இந்த ஜென்மத்துல எடுக்கப்படாது.”

“நீங்க தோத்தா?”

“நானாவது தோக்கறதாவது! என்ன வேணும்னாலும் கேளு.”

“கார் சாவி.”

மதியழகன் சிரித்தார். டிக்கெட் பெண் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். “தந்தேன் போ!” என்றார். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் அறிவாளிகள் எதையும் அதோடு விடுவதில்லை. யுவராணி அம்மா வீட்டில் பேசுவது கன்னடம் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

“ஒண்ணு. எந்தப் பாஷையிலயும் சொல்லப்படாது. கன்னடத்துல முணுமுணுத்துட்டு, நான் எங்க சொன்னேன்னு கேக்கற வேலையே வேணாம். எனக்கும் கன்னடம் தெரியும்.”

அவருக்குத் தெரிந்த கன்னடம் மூட்டை விலை சொல்லவும் பாக்கிச் சில்லறை கொடுக்கவும் போதும்.

“சரிங்க,” என்றாள் யுவராணி. “எந்தப் பாஷையிலயும் சொல்லப்படாது.”

உள்ளே நீல நிறத்தில் குளங்கள் ஆளில்லாமல் கிடந்தன. பிளாஸ்டிக் தென்னை மரங்கள் மட்டும் கோடைகாலத்தில் நின்றன. அலைக் குளத்துக்குப் பொறுப்பாளர், மாது என்கிறவர், மங்கி கேப், ஸ்வெட்டர், மப்ளர் எல்லாம் போட்டு, கண்களை மட்டும் வெளியே விட்டிருந்தார். இவர்களைத் தவிர அங்கே இன்னும் ஒரே ஒரு ஜோடி. கர்நாடகத்து ஆனேக்கல் பக்கத்துக்காரர் குருவும் அவர் மனைவியும் துண்டைப் போர்த்திக்கொண்டு, காலை மட்டும் தண்ணீரில் விட்டு, செய்த பாவத்தை எண்ணுகிறவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

“ச்சளி சார்… தும்ப ச்சளி,” என்றார் குரு, தாடை ஆட.

மதியழகன் உடனே டாக்டர் ஆனார். “சளியா? நொச்சி இலை போட்டு ஆவி புடிங்க. மாட்டுக்கும் அதுதான், மனுசனுக்கும் அதுதான்.”

குரு அவரையும் மாதுவையும் மாறி மாறிப் பார்த்தார். யுவராணி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு நீளமாக இருமினாள். பிறகு படியிறங்கி, ஏரியில் எருமை இறங்குகிற நிதானத்தில், கழுத்து வரை தண்ணீருக்குள் போய் நின்றாள். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றிக்கொண்டு வளர்ந்த உடம்பு. அதோடு களி, கொள்ளு, எண்ணெய்.

மதியழகன் இறங்கினார். ரிசார்ட்டில் வாடகைக்குக் கொடுத்த, தென்னைமரம் போட்ட ஆரஞ்சு நிற அரை டிரவுசர். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது உடம்பிலிருந்து உயிர் ஒரு படி மேலே ஏறியது. இடுப்பைத் தொட்டபோது நெஞ்சுக்கு வந்தது. கழுத்துக்குத் தண்ணீர் வந்ததும் உயிருக்கு நிற்க இடமில்லை.

“எப்படிங்க இருக்குது?” என்றாள் யுவராணி.

“நன்… ன்… நல்லாருக்கு.”

“உடம்பு ஏங்க இப்படி ஆடுது?”

“டா… டான்ஸு.”

“உதடு நீலமா இருக்குதே?”

“தண்ணி கலரு… அடிக்குது.”

“வேவ் போடட்டுங்களா சார்?” என்றார் மாது. “வேணாம்” என்று சொல்ல வாயைத் திறந்தபோது வந்தது ‘வே’ மட்டும்தான். வேவ் என்று நினைத்து மாது மோட்டாரைப் போட்டார். அலை ஒன்று வந்து மதியழகனை முகத்தில் அறைந்தது. காசு கொடுத்து அறை வாங்கிய ஒரே உரக்கடைக்காரர் அவராகத்தான் இருப்பார்.

தண்ணீரை விட்டு வெளியேற அவர் ஒரு தந்திரம் செய்தார். “நான் மேல போயி சறுக்கிட்டு வர்றேன்” என்று வீரமாகச் சறுக்கு மேடையில் ஏறினார். மேலே போனபிறகுதான் தொப்பூர் கணவாய்க் காற்று அங்கே குடியிருப்பது தெரிந்தது. இறங்க ஒரே வழி, சறுக்குவது. கண்ணை மூடி, குலசாமியைக் கூப்பிட்டு, உருண்டு புரண்டு, தலைகீழாகக் குளத்துக்குள் வந்து விழுந்தார். எழுந்தபோது மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் ஒழுகியது.

யுவராணி நீந்தி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு அக்கறை. கரையில் இருந்த குருவும் காதுக்கு எட்டும் தூரம்தான்.

“ஐயோ, ஏங்க! மூக்குல என்னங்க அது?”

இதைச் சொல்வதற்குத் தடையில்லை என்று மதியழகனின் அறிவு கணக்குப் போட்டது. குளிரைப் பற்றிய பேச்சே இல்லையே. வாயைத் திறந்தார். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டதில் சொல் நசுங்கி, அழுத்தமாக வெளியே வந்தது.

“ச்ச்சளி.”

குரு துண்டை உதறிவிட்டு எழுந்தார். தன் துன்பத்தைப் புரிந்துகொண்ட ஒரு மனிதன் கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷம் அவருக்கு. “ஹௌது சார்! ஹௌது! தும்ப ச்சளி!” என்று தலையாட்டி ஆமோதித்தார்.

“சொல்லிட்டீங்க,” என்றாள் யுவராணி.

“என்னத்த சொன்னேன்?”

“கன்னடத்துல ச்சளின்னா குளுரு, தும்ப ச்சளின்னா ரொம்பக் குளுரு. நீங்கதான் கன்னடம் தெரியும்னீங்களே?”

“அ… அது மூக்குச் சளி! நான் தமிழ்ல சொன்னேன்!”

“எந்தப் பாஷையிலயும் சொல்லப்படாதுன்னது யாருங்க? நானுங்களா?”

மதியழகன் நியாயம் கேட்டு மாதுவைப் பார்த்தார். மாது மப்ளரை வாயிலிருந்து கீழே இறக்கினார். “எனக்கு ரெண்டு பாஷையும் தெரியுங்க. சார் மூக்குல வந்ததும் சளி, சார் ஒடம்புல வந்ததும் சளி. அக்காதாங்க ஜெயிச்சாங்க.” மப்ளரை மறுபடி ஏற்றிக்கொண்டார். குருவின் மனைவி கைதட்டினாள். சூடு வருவதற்காகவும் இருக்கலாம்.

லாக்கரைத் திறக்க மதியழகனின் கை ஒத்துழைக்கவில்லை. யுவராணியே திறந்து சாவியை எடுத்தாள். அவர் வேட்டி சட்டைக்கு மாறி, ரிசார்ட் துண்டு, அவளுடைய சால்வை, வண்டியில் கிடந்த சாக்கு எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டார். அந்த நிலையிலும் உள்ளுக்குள் ஒரு சின்னச் சிரிப்பு மிச்சமிருந்தது.

“சாவிய நீயே வச்சிக்க. பத்திரமா பூஜை ரூமுல மாட்டு. ஓட்டத் தெரிய வேணாமா?”

யுவராணி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். பாலிதீன் உறை இடுப்பில் உறுத்தியது போலிருக்கிறது, பிடித்து ஒரு இழுப்பு இழுத்துக் கிழித்து வெளியே எடுத்தாள். மதியழகன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வதற்குள் வண்டி பின்னால் வந்து, ஓட்டல் முன்னால் நின்ற ரெண்டு பஸ்ஸுக்கு நடுவே நெளிந்து, ஹைவேயில் ஏறிவிட்டது.

“எப்… எப்பக் கத்துக்கிட்ட?”

“தருமபுரில டிரைவிங் ஸ்கூலுங்க. கண்ணம்மாக்காவும் நானும் ஒண்ணாத்தான் போனம். நீங்க கூட்டம் கொறையட்டும்னு சொன்னீங்களே, அப்பச் சேந்தது. ஐப்பசிலயே லைசென்ஸு வந்துருச்சு. வண்டிதான் இல்லாம இருந்துச்சு.”

“பிரேக்கு! பிரேக்கப் புடி! லாரி! லெஃப்ட்ல லாரி!” என்று அவர் தும்மலுக்கு நடுவே கத்திக்கொண்டே வந்தார். ஒரு டீக்கடை ஓரம் அவள் வண்டியை நிறுத்தி, அவருக்குச் சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள். பின்னாலேயே வந்து நிறுத்திய லாரி டிரைவர் ஒருத்தர் ஜன்னல் வழியாகக் குனிந்து சாக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

“நல்லா ஓட்டுறீங்கக்கா. பாவம், சாருக்குக் கார்ல போயிப் பழக்கமில்லீங்களா?”

“இப்பதாங்க பழகறாரு,” என்றாள் யுவராணி.

வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிலில் போட்டு, மூன்று போர்வையால் மூடி, நொச்சி இலையை ஊரெல்லாம் தேடிக்கொண்டுவந்து ஆவி பிடிக்க வைத்தாள். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் கண்ணம்மாள் வந்து வாசலில் நின்று காரையே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள். யுவராணி உள்ளே வந்து, போர்வையின் ஒரு நுனியைத் தூக்கினாள்.

“ஏங்க, நாளைக்குக் காலைல நானும் கண்ணம்மாக்காவும் எங்கம்மா வூடு வரைக்கும் போயிட்டு, அப்படியே ஒகேனக்கல் போயி மீன் தின்னுட்டு வந்துடறோம். நீங்க கடைக்குப் பஸ்ல போயிக்கங்க.”

போர்வைக்குள்ளிருந்து ரெண்டு தும்மல் வந்தது. அப்புறம் சின்னக் குரலில் மதியழகன் கேட்டார்:

“நல்லம்பள்ளி பஸ்ஸு ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கும்?”