ரெண்டரை சாண் கச்சேரி

சென்னைப் பட்டணத்தில் சங்கீதத்தைக் காதால் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கையால் அளந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஜமக்காள பாய். ஒரு கச்சேரியை ‘ஒண்ணரை சாண்’ என்று அவர் சொல்லிவிட்டால் அது ஒண்ணரை சாண்தான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பத்திரிகைக்கு விமரிசனம் எழுதுகிறவர்கள் அவரைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவையே திறப்பார்கள் என்று மயிலாப்பூரில் ஒரு பேச்சு உண்டு. அந்த நாளில் நானும் விமரிசனம் எழுதியவன். அது வெறும் பேச்சு இல்லை.

அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. கச்சேரி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் கடை. கல்யாணம், கதாகாலட்சேபம், சபைக் கச்சேரி என்று எங்கே நாலு பேர் தரையில் உட்கார வேண்டியிருந்தாலும், பாயின் மாட்டு வண்டி ஜமக்காளச் சுருளோடு வந்து நிற்கும். ஒல்லியான ஆள். தொப்பியைத் தாண்டி எட்டிப் பார்க்கும் நரைமுடி. யாராவது செருப்புக் காலோடு ஜமக்காளத்தில் ஏறிவிட்டால் மட்டும் அந்த ஒல்லி உடம்பிலிருந்து ஒரு சத்தம் வரும் பாருங்கள், மிருதங்கக்காரர் வாசிப்பை நிறுத்திவிடுவார்.

அவருடைய அளவு முறை இதுதான். கச்சேரிக்கு முன் ஜமக்காளத்தை விரித்து, அதன் முன்பக்க ஓரத்தை ஒட்டித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழிப்பார். பாட்டு நன்றாக இருந்தால் கேட்கிறவர்கள் தங்களை அறியாமல் மேடையைப் பார்த்து நகர்ந்துகொண்டே இருப்பார்கள். அவர்களோடு ஜமக்காளமும் நகரும். மங்களம் பாடிக் கூட்டம் கலைந்ததும் பாய் குனிந்து, கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறதென்று சாண் போட்டுப் பார்ப்பார். நாலு விரல் என்றால் சுமார். ஒரு சாண் என்றால் பேஷ். இரண்டு சாணைத் தாண்டினால் அந்த வித்வானுக்கு அடுத்த வருஷமும் அழைப்பு நிச்சயம்.

ஒருமுறை, பெரிய சாரீரமும் அதைவிடப் பெரிய சரீரமும் கொண்ட ஒரு வித்வானின் கச்சேரி முடிந்து பார்த்தால், ஜமக்காளம் வாசலைப் பார்த்து ஒரு சாண் பின்வாங்கியிருந்தது. வித்வான் பாயைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாய், உமக்கு ராகம் தெரியுமாங்காணும்?”

“தெரியாது சாமி. ஆனா மனுசன் எப்போ முன்னாடி நகருவான், எப்போ பின்னாடி சாய்வான், அது தெரியும்.”

வித்வான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து நீட்டினார். பாய் அதை விரித்துப் பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “நல்லா கீது சாமி. ஆனா நாலு பேருக்கு மேல உக்கார முடியாதே!”

அப்படிப்பட்ட ஆள். அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. தன் ஜமக்காளத்தில் தான் உட்காரவே மாட்டார். “கடைக்காரன் தன் சரக்கு மேல குந்தினா பரக்கத் போயிடும், யாவாரம் விருத்தியாவாது” என்பார். எவ்வளவு பெரிய கச்சேரியானாலும் வாசலோரம் வெறும் தரையில்தான் அவருக்கு இடம். பொழுது சாயும்போது எழுந்து தொழுகைக்குப் போவார். திரும்பி வருகிற நேரம் தனி ஆவர்த்தனம் தொடங்குகிற நேரமாக இருக்கும். இது எப்படி வாரா வாரம் பொருந்தியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவரிடம் இருந்த ஜமக்காளங்களில் பட்டத்து யானை, மயிலாப்பூர் சபைக்கென்றே வைத்திருந்த சிவப்பு நீலப் பட்டை போட்ட ஜமக்காளம். அந்தச் சபையின் பழைய ரசிகர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பட்டை பாத்தியம். மூன்றாவது சிவப்பு ஒரு வக்கீலுக்கு. நாலாவது நீலம் ஒரு டாக்டருக்கு. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வருஷக்கணக்காக அங்கேயே உட்கார்ந்ததால் வந்த உரிமை. வக்கீல் ஊருக்குப் போயிருந்தாலும் மூன்றாவது சிவப்பு காலியாகவே கிடக்கும். அசலூர்க்காரர் யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் பக்கத்து நீலம் இருமும்.

இந்த நிலையில்தான் நான் தியாகராய நகரில் சபை தொடங்கினேன்.

இன்றைக்கு அந்தத் தெருக்களில் பட்டுப் புடவை வாங்க முண்டியடிக்கும் ஜனங்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அப்போது அது ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடம். பத்து மனைக்கு ஒரு வீடு. சாயங்காலம் ஆனால் நரி வரும். மயிலாப்பூர்க்காரர்கள் எங்களைக் கண்டால், ‘மாம்பலத்துக்கா குடிபோனேள்?’ என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்பார்கள். இங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும் என்ற வீம்பில், வீடு வீடாக ஏறி இறங்கி நாற்பது அங்கத்தினர்களைச் சேர்த்தேன். அந்தப் பேட்டையில் இருந்த வீடுகளே அவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூடத்து ஓட்டுக் கொட்டகையைக் கேட்டு வாங்கினேன். ஊரில் என்னை நம்பி வண்டி அனுப்பியவர் பாய் ஒருவர்தான்.

“பார்த்துகினே இரு சாமி. பாட்டு வந்தா ஜனம் வரும். ஜனம் வந்தா கடை வரும். கடை வந்தா கல்யாணம் காச்சி வரும். அப்பால நம்ம ஜமக்காளம் இல்லாம இந்த ஊர்ல எவன் குந்துவான்?”

சொன்னதோடு நில்லாமல், பொட்டல் நடுவில் ஒரு கொட்டகையைப் பிடித்து ‘கிளைக் கடை’ என்று பலகையும் மாட்டிவிட்டார். சுற்றுவட்டாரத்தில் வேறு கடையே கிடையாது.

எங்கள் முதல் கச்சேரிக்கு முந்தின நாள் மழை. கேட்க வந்த மனிதர்கள் பதினெட்டுப் பேர். கொட்டகையைச் சுற்றிக் கூடிய தவளைகளுக்குக் கணக்கில்லை. ‘இந்தச் சுருதியில் எனக்குப் பழக்கமில்லை’ என்று வித்வான் முக்கால் மணி நேரத்தில் மங்களம் பாடிவிட்டார். பாய் குனிந்து பார்த்து, “அசையவே இல்ல சாமி” என்றார்.

எங்கள் சபைத் தலைவர், மராமத்து இலாகாவில் பாலம் கட்டி ரிடையரான இன்ஜினியர். அளவு என்றால் அவருக்கு உயிர். கமிட்டியில் தீர்ப்பாகவே சொல்லிவிட்டார்: “இன்னும் ஒரே ஒரு கச்சேரி. பாய் அளந்து ஒரு சாணாவது நகர்ந்திருக்கணும். இல்லேன்னா சபையைக் கலைச்சுடலாம். ஊர் சிரிக்கறதுக்கு ஒரு சபை வேண்டாம்.”

அன்றே வித்வான்களுக்கெல்லாம் கடிதம் எழுதினேன். பெரிய வித்வான்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் தெற்கேயிருந்து இருபது வயதுப் பெண் ஒருத்தி, பட்டணத்தில் பாட ஒரு மேடை கிடைத்தால் போதும் என்று எழுதியிருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் வாய்ப்பு. தம்பூராவும் தாயாருமாகக் கொட்டகைக்குள் வந்ததும், “கூட்டம் இனிமேதான் வருமா மாமா?” என்று கேட்டாள். “ஆமாம்” என்று பொய் சொன்னேன். அதே மாலை மயிலாப்பூர் சபையில் ஊரே கொண்டாடும் ஒரு வித்வானின் கச்சேரி என்பது அவளுக்குத் தெரியாது.

வந்தவர்கள் இருபத்தைந்து பேர். பாய் ஜமக்காளத்தைப் பிரித்து விரித்தார். விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிவப்பு நீலப் பட்டை! இரண்டு சுருளும் ஒரே பருமன். வண்டி மாற்றி ஏற்றிவிட்டார்கள். எங்களுக்கு வர வேண்டிய பூப்போட்ட பச்சை ஜமக்காளம் மயிலாப்பூர் சபையில் விரிந்து கிடந்தது.

அங்கே நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். வக்கீல் வந்திருக்கிறார். மூன்றாவது சிவப்பைத் தேடியிருக்கிறார். எங்கும் பச்சை. “இத்தனை பூவிலே என்னோடது எந்தப் பூய்யா?” என்று கத்தியிருக்கிறார். டாக்டர் உட்காரப் போன பூவில் ஏற்கெனவே ஒரு ஜட்ஜ் உட்கார்ந்திருந்தாராம். விஷயம் வண்டிக்காரன் மூலம் வெளியாகி, தங்கள் இடத்தை மீட்டுவர வக்கீல் தலைமையில் ஆறு பேர் இரண்டு ஜட்காவில் கிளம்பிவிட்டார்கள். தேனாம்பேட்டை தாண்டி அவர்கள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

வர்ணம் தொடங்குகிற சமயம். வாசலில் ஜட்கா நின்றது. வக்கீல் உள்ளே பாய்ந்தார்.

“எல்லாரும் எழுந்திருங்கோ! ஏம் பாய், பதினஞ்சு வருஷமா நான் ஒக்காந்துண்டிருக்கற எடம் இது! யாரைக் கேட்டு மாம்பலத்துக்குக் கொண்டுவந்தீர்?”

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாய்தான் நிதானமாக வந்தார்.

“தப்புதான் சாமி. ஆனா பாரு, ஒன் எடத்துல எவனும் குந்தல. காலியாத்தான் கீது. இந்தப் பாட்டு முடியட்டும், நானே சுருட்டித் தர்றேன். அது வரைக்கும் நீ குந்தலேன்னா, வேற எவனாச்சும் குந்திடப் போறான்.”

கடைசி வாக்கியம் வக்கீலைத் தொட்டது. அனுபவ பாத்தியதை கைவிட்டுப் போகலாமா? மூன்றாவது சிவப்பில் சட்டென்று உட்கார்ந்தார். டாக்டர் நாலாவது நீலத்தில். மற்ற நாலு பேரும் அவரவர் பட்டையில். “ஒரு பாட்டுதான்” என்றார் வக்கீல், கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு.

அந்தப் பெண் வர்ணத்தை முடித்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த கீர்த்தனத்தில் டாக்டர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். விஸ்தாரமாகத் தோடி ஆலாபனை எடுத்தபோது வக்கீலின் கடிகாரம் பைக்குள் போய்விட்டது. வெளியே தவளைகள் வழக்கம்போல் வந்திருந்தன; அன்று அவை எனக்கு உறுத்தவில்லை. ஆனாலும் உள்ளே இருக்க முடியாமல் வாசலுக்குப் போய், இன்னும் யாராவது வருவார்களா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொழுகைக்குப் போன பாய் என்னைத் தாண்டி உள்ளே திரும்பிப் போனதுகூட அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது.

மங்களம் முடிந்தது. தலைவர் முன்னால் வந்து நின்றார். பாய் குனிந்தார். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து ஒரு சாண். இன்னொரு சாண். அப்புறம் விரல்களை மடக்கி அரைச் சாண்.

“ரெண்டரை சாமி.”

தலைவர் நம்பாமல் பையிலிருந்து மடக்கு ஸ்கேலை எடுத்துத் தாமும் அளந்தார். சரியாக இருந்தது. “சபை நடக்கட்டும்” என்றார். அந்தப் பெண்ணின் தாயார் தம்பூராவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வக்கீல் வேஷ்டியை உதறிக்கொண்டு என்னிடம் வந்து, “அடுத்த கச்சேரி என்னிக்கு? இதே ஜமக்காளம்தானே?” என்று கேட்டார்.

அதன் பிறகு நடந்தது ஊருக்குத் தெரியும். சபை வளர்ந்தது. பாய் சொன்ன வரிசையிலேயே ஜனமும் கடையும் கல்யாணமும் வந்தன. அவருடைய கிளைக் கடை தலைமைக் கடையாகி, பந்தல், விளக்கு, பெஞ்சு என்று பெருகிற்று. நாங்கள் சொந்தக் கட்டடம் கட்டித் திறந்த அன்று, முந்நூறு மடக்கு நாற்காலியை அவரே கொண்டுவந்து போட்டார். அப்போதுதான், பல வருஷமாக மனத்தில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

“பாய், அவ்வளவு நீள ஜமக்காளம். அன்னிக்கு உட்கார்ந்தது முப்பத்தோரு பேர். முந்நூறு பேர் உட்கார்ந்தே ரெண்டு சாண் நகர்றது கஷ்டம். எப்படி பாய் ரெண்டரை?”

பாய் நாற்காலி ஒன்றைப் பிரித்து, ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அவங்க நகர்த்தினது அரை சாண்தான் சாமி. அதுவும் நல்ல பாட்டுதான். தொழுதுட்டு வரசொல்லோ பார்த்தேன், நீ வாசல்ல மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு நிக்கிறே. மனசு கேக்கல. அன்னிக்கு ஒரு நாள் நானும் ஜமக்காளத்து மேல ஏறிக் கடைசியா குந்தினேன். தனி வாசிக்கசொல்லோ எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் எழும்பி எழும்பிக் குந்துறான் பாரு, அப்போ எல்லாம் ரெண்டு கையாலயும் புடிச்சுத் தள்ளிகினே இருந்தேன்.”

சால்வைக்கு மசியாத மனிதர். தன் சரக்கின்மேல் ஆயுளில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தவர்.

“பரக்கத் போயிடும்னு சொல்வீங்களே பாய்?” என்றேன்.

பாய் ஜன்னல் வழியாக வெளியே கையைக் காட்டினார். கடைகளும் ஜட்காக்களுமாகத் தெரு நிறைந்திருந்தது. “எங்க போச்சு? எல்லாம் இங்கதான் கீது” என்று சொல்லிவிட்டு, முதல் நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்து என்னை உட்காரச் சொன்னார்.