முப்பத்தைந்து அடி இறாத்தல்

இலுப்பைக்கடவை,
புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின். (சாப்பாடு என்று எழுதுவது ஒரு மரியாதைக்காக.)

கனம் பொருந்திய பெரிய மச்சான் இராசநாயகம் அவர்களுக்கு, தங்கை புருஷன் கனகரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

திருக்கேதீச்சரத்தான் புண்ணியத்தில் இங்கு நான், பசு, கன்று, கோழிகள் யாவரும் சுகம். கார் மட்டும் இடையில் சுகமில்லாமல் கிடந்து இப்போது தேறியிருக்கிறது. அங்கு உங்கள் சுகத்தையும், உங்கள் மகனும் என் மருமகனுமாகிய சுகந்தனின் சுகத்தையும், உங்களிடம் வந்து குந்தியிருக்கும் உங்கள் ஒரே தங்கையும் என் ஒரே மனைவியுமாகிய மனோன்மணியின் சுகத்தையும் அறிய ஆவலாயிருக்கிறேன். மூன்றாவதை அறியும் ஆவல் சற்றுக் கூட.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்களிடம் போன் இல்லை. சுகந்தனின் போனில் பேசலாமென்றால், பெண்சாதி கோபித்துக்கொண்டு போன கதையை மருமகனிடமா சொல்லி அனுப்புவது? சரி, அவளுக்கே எடுப்போம் என்று எடுத்தால் மணி எங்கள் வீட்டு அலுமாரிக்குள் அடிக்கிறது. போனைச் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறந்துபோய் வைத்தாள் என்று நம்ப நானென்ன பால்குடிப் பிள்ளையா? வேண்டுமென்றே வைத்தது. நான் எடுக்க எடுக்க அலுமாரி பக்திப்பாட்டுப் படிக்கிறது. அதனால்தான், அரசாங்கக் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து தலைநரைத்த நான், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துப் பார்த்து, பிழை ஆருடையது என்று தீர்ப்புச் சொல்லி, தங்கையை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடவேண்டும். அவள் வீடு வந்து சேரவேண்டும், அவ்வளவுதான் விசயம். மிச்சமெல்லாம் விளக்கம்.

எங்கள் பழைய காரின் கிளச் தேய்ந்துபோனது உங்களுக்குத் தெரியும். அதை மாற்றுவதென்றால் கியர்பெட்டியை எஞ்சினிலிருந்து கழற்றி இறக்கி, வேலை முடிந்ததும் திரும்பப் பூட்டவேண்டும். பூட்டுவது போல்ட்டுகளால். இந்தப் போல்ட்டுகளால் நான் பட்ட பாடு பகையாளியும் படக்கூடாது. போன வருசம் ஒருத்தன் இறுக்கினான், இறுக்கினான், மாட்டுக்குச் சூடு வைக்கிறவன்மாதிரிப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான், ஒரு போல்ட் தலையறுந்து கையோடு வந்தது. அதைத் திருத்த வந்த மற்றவன், எங்கே தன்னுடைய கையிலும் அறுந்துவிடுமோ என்று பயந்து தடவிவிட்டுப் போனான். பெரியமடு போய்த் திரும்புவதற்குள் எல்லாம் இளகி, கியர்பெட்டி பல்லாட்டம் ஆடியது. இதைக் கேட்டு நோர்வேயிலிருக்கிற எங்கள் மகன் கபிலன், "அப்பா, போல்ட்டைக் கண்டபாட்டுக்கு இறுக்கேலாது. கூடினா அறும், குறைஞ்சா கழரும். அதுக்கொரு அளவு இருக்கு" என்று சொல்லி, அந்தக் காரின் திருத்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினான். அதில் இங்கிலீசில், ஒவ்வொரு போல்ட்டுக்கும் முப்பத்தைந்து ஃபுட் பவுண்ட் என்று இருந்தது. ஒரு அடி நீளப் பிடியின் நுனியில் முப்பத்தைந்து இறாத்தல் பாரம் தொங்கினால் எவ்வளவு முறுக்கு விழுமோ, அவ்வளவு. அதை அளந்து இறுக்க ஒரு ஸ்பானர் இருக்கிறது, அளவு சரியானதும் டக் என்று சத்தம் போடும், கை நின்றுவிடவேண்டும். மன்னார் டவுனில் கராஜ் வைத்திருக்கிற ஜுனைதீன் பாஸிடம் அந்த ஸ்பானர் சிவப்புப் பெட்டிக்குள் இருப்பதையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே ஆளும் சரி, ஆயுதமும் சரி, அளவும் சரி. எங்கே பிழைத்தது? கேளுங்கள்.

அந்தப் பக்கத்தைத் தமிழாக்கம் செய்து கொடுப்பதென்று தீர்மானித்தேன். தமிழ் பேசுகிற மனிசனுக்குத் தமிழில் கொடுப்பது குற்றமா மச்சான்? அகராதியை விரித்துவைத்து, ஃபுட் என்றால் அடி, பவுண்ட் என்றால் இறாத்தல், நடுவில் ஒரு சிறுகோடு, அழகான கையெழுத்தில் இப்படி எழுதினேன்: "செலுத்துகைப் பெட்டியின் திருகாணி ஒவ்வொன்றுக்கும் முப்பத்தைந்து அடி-இறாத்தல் கொடுக்கப்படுதல் வேண்டும். கூட்டியோ குறைத்தோ கொடுத்தல் ஆகாது." கச்சேரியில் என்றால் இந்த வசனத்துக்கு மேலதிகாரி எழும்பி நின்று கைகொடுத்திருப்பார். உங்கள் தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? அரிசி புடைத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "இஞ்சேருங்கோ, உதை ஏன் மினக்கெட்டுத் தமிழாக்கிறியள்? அப்பிடியே இங்கிலீசில குடுத்தா பாஸுக்கு விளங்கும்தானே" என்றாள். "உமக்கு விளங்காத விசயத்தில வாய் வையாதையும்" என்றேன். அவள் புடைத்துக்கொண்டேயிருந்தாள்.

கடுதாசியை ஜுனைதீன் பாஸின் கையில் கொடுத்து, "இதில இருக்கிறபடி ஒரு எழுத்தும் பிசகாமல் செய்யவேணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வேலை முடிந்து காரை எடுத்துவந்து இரண்டு நாள் ஓடினேன். குறை சொல்லமுடியாது. மூன்றாம் நாள் டவுனில் எனக்குத் தெரிந்த ஒருவரின் மகளுக்குக் கலியாணம். உங்கள் தங்கை, நீங்கள் வாங்கிக்கொடுத்த அந்தக் கத்தரிப்பூக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு, கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். போகும்போது கார் பூப்போலப் போனது. "பார்த்தீரோ, அளவோட இறுக்கினா இதுதான்" என்று நான் வேறு வாயைக் கொடுத்தேன். திரும்பிவரும்போது, மன்னார்த் தீவை விட்டு வெளிக்கிட்டு, இரண்டு பக்கமும் கடல் தெரிகிற அந்த நீட்டு ரோட்டில், காற்றென்றால் காற்று, கார்க் கண்ணாடியையே பிடுங்கிற காற்று, கீழேயிருந்து கடகட என்று ஒரு சத்தம். கியர்த்தடி தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. நான் அதைப் பிடிக்க, அது என்னைப் பிடித்து உலுக்க, பிறகு தடாரென்று ஒரு சத்தம். எஞ்சின் கத்துகிறது, கார் அசையவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தால் கியர்பெட்டி ஒருபக்கம் சரிந்து ரோட்டை முத்தமிட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து வடக்குப்பக்கம் மீன் ஏற்றப் போன பள்ளிமுனை பவ்ஸானின் லொறி வந்து நின்றது. நல்ல பெடியன். "அக்கா முன்னுக்கு ஏறுங்க, ஐயா பின்னுக்கு ஐஸ்பெட்டியில இருங்க, ஆனைக்கும் அடி சறுக்கும்தானே" என்றான். அடி என்ற சொல்லை அன்றைக்கு நான் கேட்டது அதுதான் முதற்தடவை. நான் வேட்டியோடு ஐஸ்பெட்டிமேல் ஏறிக் குந்தினேன். குளிர் எலும்புக்குள் போய்விட்டது. உங்கள் தங்கை முன்னால், கால்மாட்டில் வலையும், கூடையில் பவ்ஸான் வீட்டுக் கறிக்கென்று வைத்திருந்த திருக்கை மீனும். அந்தத் திருக்கையின் தண்ணீர் பட்டுச்சேலைக் கரை முழுக்க. வீடு வந்து சேருமட்டும் அவள் ஒரு சொல் பேசவில்லை. "நான் அப்பவே சொன்னனான்தானே" என்று ஒரு வார்த்தை! சொன்னாளா? சொல்லியிருந்தால் நானும் திருப்பிப் பத்துச் சொல்லி இரண்டுபேரும் ஆறியிருப்போம். சொல்லாமல் சேலையைத் துவைத்தாள். திரும்பத் துவைத்தாள். இப்படிப்பட்ட ஒருத்தியோடு எப்படி மச்சான் சீவிக்கிறது?

அடுத்தநாள் காலை நான் பஸ் பிடித்துப் போய் ஜுனைதீன் பாஸைக் கையும் களவுமாகப் பிடித்தேன். "பாஸ், போல்ட்டுக்கு என்ன செய்தனீர்?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதினதைத்தான் ஐயா செஞ்சன். முதல்ல கையால பூட்டினன். பொறகு ஒவ்வொண்டுக்கும் முப்பத்தஞ்சு அடி குடுத்தன்."

"அடியோ?"

"ஓம் ஐயா. இறாத்தல் சுத்தியலால. நம்மட கராஜில ரெண்டு இறாத்தல் சுத்தியல்தான் இருந்திச்சி. நீங்க கூட்டக்கூடாது எண்டு எழுதியிருக்கிறீங்க. அதுக்காக றிபாத்ட கடைக்குப் போய் ஒரு இறாத்தல் சுத்தியல் இரவல் வாங்கிவந்து, வாயால எண்ணி எண்ணி அடிச்சன். ஒண்டு கூடவுமில்லை, ஒண்டு குறையவுமில்லை."

"ஓய், போல்ட்டுக்கு ஆரும் சுத்தியலால அடிப்பானோ?"

"எனக்கும் யோசனையாத்தான் இருந்திச்சி. ஆனா அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டாங்க எண்டு சொல்லுவாங்களே. அதோட ஐயா, எழுத்து கச்சேரி எழுத்து. கச்சேரியால ஒண்டு வந்தா ஏன் எதுக்கு எண்டு கேக்காம செய்யணும் எண்டு வாப்பா சொல்லித்தான் வளத்தவரு." பிறகு அந்தக் கடுதாசியை எடுத்து நீட்டி, "வாசிச்சுப் பாருங்க, அடி குடுக்கவேணும் எண்டுதானே இருக்கு" என்றார். வாசித்தேன். முப்பத்தைந்து அடி. இறாத்தல். கொடுக்கப்படுதல் வேண்டும். என்ன செய்ய, அப்படியும்தான் இருக்கிறது!

ஆனால் நடுவில் சிறுகோடு இருக்கிறது. இதுதான் மச்சான் வழக்கு. சிறுகோடு போட்டால் அது அடி-இறாத்தல், ஓர் அளவை. சிறுகோடு இல்லாவிட்டால் அது அடி, தனி அடி. ஜுனைதீன் பாஸ் அதைப் பேனை வழுக்கின கீறு என்று நினைத்தாராம். போட்டவன் மேல் பிழையா, பார்க்காதவர் மேல் பிழையா? இதைப்பற்றி விளக்கமாக ஒரு மறுப்பு எழுதத்தான் நான் அன்று பின்னேரம் முழுக்க அகராதியோடு குந்தியிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வீட்டில் ஆளில்லை. யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாளென்று பக்கத்து வீட்டு ஜெஸ்லியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லாமல் கொள்ளாமல், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல். இத்தனை வருசம் குடும்பம் நடத்தின மனிசனுக்கு இதுதானா மரியாதை? சந்தியில் போய் நின்றால் எல்லாரும், "என்ன, வீட்டில அக்காவைக் காணேல்லை" என்கிறார்கள். என்னத்தைச் சொல்ல? ஒரு சிறுகோட்டால் போய்விட்டாள் என்றா?

நான் இங்கு ராசாமாதிரி இருக்கிறேன், அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். சோறு நானே சமைக்கிறேன். முதல்நாள் கஞ்சியாக வந்தது, அடுத்தநாள் அடிப்பிடித்து வந்தது. தேத்தண்ணிக்குச் சீனியென்று உப்பைப் போட்டேன், அதையும் குடித்தேன். கோழிகள் என்னைக் கண்டால் ஓடுகின்றன. பசு என்னைப் பால் கறக்க விடுகிறதில்லை, அவள் குரலைக் கேட்டால்தான் நிற்குமாம். அலுமாரிப் போனைக் காட்டிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனபடியால் ஒரு குறையுமில்லை.

காரும் சரி. ஜுனைதீன் பாஸே கயிறு கட்டி இழுத்துப் போய், வெடித்த பாகத்தை மாற்றி, சிவப்புப் பெட்டியைத் திறந்து அந்த ஸ்பானரால் இறுக்கினார். நான் பக்கத்தில் நின்றேன். டக். அடுத்தது. டக். ஒவ்வொன்றுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்து, "கேட்டிச்சா ஐயா?" என்றார். கேட்டது. ஆனாலும் காரை எடுத்துக்கொண்டு நான் அங்கு வந்து நிற்கமாட்டேன். போனவள்தான் வரவேண்டும், அது முறை. வந்து, நான் எழுதின தமிழில் பிழையில்லையென்று ஒரு சொல் சொன்னால் போதும், பழையதை நான் பேசமாட்டேன். அவளுடைய பிடிவாதத்தை வளர்த்ததே நீங்கள்தான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். பெரியவர் நீங்கள், புத்தி சொல்லி அனுப்பிவையுங்கள்.

உங்கள் வீட்டுப் படலையால் நல்ல செய்தியே வந்து போகட்டும். சுகந்தனுக்கு என் ஆசி, உங்களுக்கு என் பணிவு, உங்கள் தங்கைக்கு ஒன்றும் சொல்லவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மறவாத,
சி. கனகரத்தினம்
(இளைப்பாறிய மொழிபெயர்ப்பாளர்)

பிற்குறிப்பு: மச்சான், கடிதவுறையை ஒட்டப்போகிற நேரம் சுகந்தன் போன் எடுத்தான். "மாமா, அப்பாவுக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சுது. கட்டு அவிழ்க்கக் கொஞ்ச நாளாகும். மாமி நிக்கிறபடியால்தான் எங்களுக்குப் பெரிய உதவி" என்றான். என்ன ஒப்பரேசன் என்று கேட்டேன். "மாமி உங்களிட்டைச் சொல்லிப்போட்டுத்தானே வந்தவ. நீங்கள் அகராதி பார்த்துக்கொண்டு ஓம் ஓம் எண்டு தலையாட்டினீங்களாம். போனைத்தான் மறந்து வச்சிட்டன் எண்டு ஒரே கவலை" என்றான். பிறகு, "அப்பாவுக்கு வாற பேப்பர், கடிதம் எல்லாம் மாமிதான் வாசிச்சுக் காட்டுறா" என்றும் சொன்னான்.

மனோன்மணி, அப்ப இதை வாசிக்கிறது நீர்தான். கிழிச்சுப் போடத்தான் எடுத்தனான். இவ்வளவும் எழுதினதைக் கிழிக்க மனம் வரேல்லை, அது உமக்குத் தெரியும்தானே. அண்ணருக்கு முதற்பக்கத்தில சுகம் விசாரிச்சதை மட்டும் வாசியும். உம்முடைய பிடிவாதத்தைப் பற்றின இடத்தை விட்டிட்டு வாசியும். ராசாமாதிரி எண்ட இடத்தை வாசிக்கவே வேண்டாம். இங்கிலீசிலதான் குடுத்திருக்கவேணும், நீர் சொன்னது சரி. நீர் இல்லாமல் இந்த வீட்டில எனக்கு ஒண்டும் ஓடுதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியக் காரை எடுத்துக்கொண்டு வாறன். டொக்டர் ஒரு கிழமை, ஏழு நாள், ஆள் துணை இருந்தாப் போதும் எண்டு சொன்னவராம். அண்ணர் இன்னும் ஒரு கிழமை நில் எண்டு கேட்டா, நான் தலையாட்டின மாதிரி நீரும் ஓம் எண்டு தலையாட்டிப் போடாதையும்.